பித்தமல்ல, அடைப்பு: வாந்தியைப் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கத்து நண்பர்கள் கடைக்கு வந்திருந்தார்கள். கல்வெட்டு, சமண நூல் என்று வழக்கம்போல ஏதாவது எழுதித் தருவேன் என்பது அவர்கள் எண்ணம். ‘இந்தத் தடவை வாந்தியைப் பத்தி எழுதப் போறேன்’ என்றேன். சிரித்தார்கள். ‘மலர்ல போடற விஷயமா இது நயினார்?’ என்று ஒருவர் கேட்டார். போட வேண்டிய விஷயம்தான் என்பதை வாசகப் பெருமக்கள் முடிவில் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். நல்லேப்பிள்ளியில் எண்ணெய் வியாபாரம் செய்பவன். எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். நிலக்கடலையும் எள்ளும் கொள்முதல் செய்ய வந்த அப்பா இங்கேயே தங்கிவிட்டார். அந்த நாளில் சிற்றூர்த் தாலுக்கா கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் இருந்த பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லா. 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் அமைந்தது. 1957இல் சிற்றூரும் சேர்ந்து பாலக்காடு மாவட்டம் ஆனது. ஆட்சி எத்தனை மாறினாலும், கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுகிறோம். படிப்பு எனக்குப் பள்ளியோடு நின்றது. மற்றதெல்லாம் கடையைச் சாத்திய பிறகு ராத்திரியில் படித்தது. ஏன் படிக்கத் தொடங்கினேன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

1. எங்கள் வீட்டில் நடந்தது

1986ஆம் வருஷம். என் மூத்த அண்ணனுக்கு 44 வயது. எனக்கு 27. அப்பா காலமான பிறகு எங்களை ஆளாக்கியவர் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் குல வழக்கப்படி பொழுது சாயும் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலி அலை மாதிரி வந்தது. முறுக்கி எடுக்கும், சற்று விடும், மறுபடி முறுக்கும். முதலில் சாப்பிட்ட சோறு வெளியே வந்தது. விடியற்காலையில் மஞ்சளும் பச்சையுமாகக் கசப்புத் தண்ணீர்.

அந்தப் பச்சையைப் பார்த்ததும் வீட்டில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. ‘பித்தம் எல்லாம் வெளிய வந்துடுச்சு, இனிமே சரியாப் போகும்’ என்றார்கள் அம்மா. இஞ்சிச் சாறு கொடுத்தோம், கோலி சோடா கொடுத்தோம், மருந்துக் கடையில் சொல்லி வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். எதுவும் உள்ளே தங்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் வெளிக்குப் போகவில்லை, வாயுவும் பிரியவில்லை, வயிறு ஊதிக்கொண்டே வந்தது. ‘மலக்கட்டுதான். பேதிக்குக் கொடுத்தா தெளிஞ்சிடும்’ என்று தீர்மானித்தோம். விளக்கெண்ணெய் கொடுத்தவன் நான். எங்கள் கடையிலேயே ஆமணக்கு முத்தை வறுத்து இடித்துக் காய்ச்சி எடுத்தது. சுத்தமான சரக்கு என்று பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாந்தியின் நிறம் கறுத்தது. மலத்தைப் போன்ற நாற்றம் வீடு முழுக்க அடித்தது. அதற்குப் பிறகுதான் டாக்சி பிடித்தோம். கொழிஞ்சாம்பாறை வழியாக வேலந்தாவளம் தாண்டிக் கோவை போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்பு குடல்வால் எடுத்த இடத்தில் தழும்புத் திசு ஒரு நாரைப் போல வளர்ந்து சிறுகுடலை இறுக்கியிருந்தது. அதற்குள் சிக்கிய குடல் கறுத்துப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

‘பச்சையா வாந்தி எடுத்த அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்’ என்றார் அந்த டாக்டர். அவர் குற்றம் சாட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். எங்களுக்கு நிம்மதி தந்த அந்தப் பச்சைதான் அபாய அறிவிப்பு. இது எத்தனை காலமாக மனிதர்களுக்குத் தெரியும், எங்கள் அடுப்படிக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று தேடத் தொடங்கினேன்.

2. சத்தியும் சர்த்தியும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். வாந்தியைத் தமிழ் மருத்துவ நூல்கள் ‘சத்தி’ என்கின்றன. யாழ்ப்பாணத்தார் இன்றும் சத்தி என்றே சொல்கிறார்கள். நம் பக்கத்து வீட்டு மலையாளிகள் ‘சர்த்தி’ என்கிறார்கள். இரண்டும் வடமொழி ஒன்றிலிருந்து கிளைத்தவையே. நம்முடைய ஓங்கரிப்பும் அவர்களுடைய ஓக்கானமும் அதே மாதிரி பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்.

சித்த மருத்துவத்தில் வயிற்று நோய்களுக்குக் ‘குன்மம்’ என்று பெயர். அதை எட்டு வகையாகப் பிரித்தார்கள். அவற்றில் ஒன்று சத்திக் குன்மம். வலியோடு வாந்தியும் சேர்ந்து வந்தால் அது தனி வகை நோய் என்று நம் முன்னோர் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் பேச்சு வழக்கில் இந்த நுட்பம் எல்லாம் உதிர்ந்துபோய், எந்த வாந்திக்கும் ‘பித்தம்’ என்ற ஒற்றைச் சொல் நின்றுவிட்டது. பெயர் ஒன்றாகிவிட்டால் வைத்தியமும் ஒன்றாகிவிடும், இல்லீங்களா?

எங்கள் சமணப் புலவர்களுக்கு மருந்தின் மேல் தனிப் பற்று உண்டு. கணிமேதாவியாரின் ஏலாதியும் காரியாசானின் சிறுபஞ்சமூலமும் மருந்துகளின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நீதி நூல்கள். சோறு, அடைக்கலம், மருந்து, நூல் என நான்கு தானங்களைச் சொல்வது எங்கள் மரபு. இதில் மருந்தும் நூலும் அடுத்தடுத்து நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அண்ணன் போன பிறகு எனக்குத் தோன்றியது. நோயைப் பற்றிய அறிவும் ஒரு மருந்துதான்.

3. சுசுருதர் ஏட்டில் இருந்தது

சம்ஸ்கிருதம் தெரிந்த ஒரு பெரியவரை உடன் வைத்துக்கொண்டு சுசுருத சம்ஹிதையைப் படித்தேன். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது அந்த நூல். நோய்களின் காரணத்தைச் சொல்லும் நிதானப் பகுதியில் ஏழாவது அத்தியாயம் வயிறு பெருக்கும் நோய்களைப் பற்றியது. அங்கும் எட்டு வகை. அவற்றில் ஒன்று ‘பத்தகுதம்’. பத்தம் என்றால் கட்டுப்பட்டது. உணவில் கலந்த பசைப்பொருளோ, மயிரோ, சிறு கல்லோ குடலை அடைத்துக்கொள்ளும். மலம் இறங்காது, இறங்கினாலும் துளித்துளியாக இறங்கும். நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவே வயிறு ஊதும். நோயாளி எடுக்கும் வாந்தியில் மல நாற்றம் இருக்கும். இந்த அடையாளங்களைக் கொண்டு நோயைத் தெரிந்துகொள் என்கிறது நூல்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அதில் அப்படியே இருந்தது.

சிகிச்சைப் பகுதியில் இன்னும் வியப்பான செய்தி. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கமாக, ரோம வரிசையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வயிற்றைக் கீறி, குடலை வெளியே எடுத்துப் பார்த்து, அடைத்திருக்கும் பொருளை நீக்கி, தேனும் நெய்யும் தடவி உள்ளே வைத்துத் தைக்கச் சொல்கிறது. குடலில் ஓட்டை விழுந்திருந்தால் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விட்டு, கடித்ததும் உடலைக் கிள்ளியெடுத்துவிட்டு, தலைகளைத் தையல் போல விட்டுவிட வேண்டுமாம். (தேனைத் தொடாத எங்கள் சமயத்தாருக்கு அந்தக் காலத்திலேயே வேறு நூல் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் எழுதிய கல்யாணகாரகம் மாமிசம், மது, தேன் மூன்றையும் விலக்கிய வைத்திய நூல்.) கிரேக்கத்திலும் கி.மு. நான்காம் நூற்றாண்டில் கோஸ் தீவைச் சேர்ந்த பிராக்சாகோரஸ் குடலடைப்புக்கு வயிற்றைத் திறந்தார் என்று ஒரு செய்தி உண்டு.

மயக்க மருந்தும் கிருமி நாசினியும் இல்லாத காலம் அது. எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். நோயை அடையாளம் காணும் அறிவு இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

4. தமிழில் வந்த இரண வைத்தியம்

1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்து காட்டினார்கள். 1867இல் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை வெளியிட்டார். அதே 1867இல் தமிழில் ‘இரண வைத்தியம்’ என்ற அறுவை மருத்துவ நூல் வந்துவிட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதைக் கொண்டுவந்தவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1822இல் பிறந்து, 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில் பாடம் சொன்னவர், பின்னர் 1860களில் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, பிரசவம், ரணம், ரசாயனம் எல்லாம் அவர் முயற்சியில் தமிழில் வந்தன. தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொல்லியிருந்தார் அந்த மனிதர்.

வியாதி தமிழில் வருகிறது, வைத்தியமும் தமிழில் வரட்டும் என்று நினைத்தார் போலும். அவர் நினைத்தது தொடர்ந்திருந்தால், நூறு வருஷம் கழித்து எங்கள் வீட்டில் ஒருவருக்காவது ‘பச்சை வாந்தி, மலம் நின்றது, வயிறு ஊதியது’ என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்திருக்கும்.

5. நெய்யூரில் ஒரு மலையேறி

நம் கதைக்கு மிக நெருக்கமான மருத்துவர் இன்னொருவர். டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற ஆங்கிலேயக் குழுவில் இருந்தவர். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. எங்கள் சிற்றூர் இந்தப் பக்கம் நின்றது, நெய்யூர் அந்தப் பக்கம் போனது.

1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஏறத்தாழ 28,000 அடி உயரத்தில், கடுங்குளிரில் வெந்துபோன தொண்டைச் சவ்வு பிய்ந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. சாகப் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக இரண்டு கையாலும் மார்பை அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது, பிழைத்தார். அடைப்பு என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நெய்யூரில் அவர் பார்த்தது வேறோர் அடைப்பு. தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் வியக்கத்தக்க அளவில் பரவியிருந்தது. புண் வருவதும் ஆறுவதுமாக வருஷக்கணக்கில் நீடித்தால், தழும்பு சுருங்கி இரைப்பையின் வாசல் மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் நேற்றுச் சாப்பிட்டதை இன்று வாந்தி எடுப்பார்கள். பச்சை இருக்காது, ஏனென்றால் பித்தநீர் சேரும் இடத்துக்கு முன்பே வழி அடைபட்டிருக்கிறது. நாற்பது ஐம்பது வயதில் எலும்பும் தோலுமாக ஆகிவிடுவார்கள். அடைபட்ட வாசலைச் சுற்றிக்கொண்டு போகும்படி இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்பதுதான் அன்றைய வழி. அந்த அறுவையில் சோமர்வெல் பேர் பெற்றவர்.

மரவள்ளிக் கிழங்கை நம்பிய ஏழைச் சாப்பாட்டுக்கும் இந்தப் புண்ணுக்கும் தொடர்பு உண்டு என்று கருதி, 1936இல் தோழர் ஓர் என்பவருடன் சேர்ந்து பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். பின்னாளில் மைசூரில் பணியாற்றிய டாக்டர் ஃபிராங்க் டோவி, அரிசி உண்ணும் தெற்கில் இந்தப் புண் அதிகம், கோதுமை உண்ணும் வடக்கில் குறைவு என்று ஆராய்ந்தார். முக்கியக் காரணம் ஒரு கிருமி என்பது ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் கண்ட பிறகே தெளிவாயிற்று. 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று மாத்திரையாலேயே புண் ஆறுகிறது. அதனால் நெய்யூர்க் காலத்து அடைப்பு அருகிவிட்டது. அதே காரணத்தால், நடுத்தர வயதில் ஒருவர் நேற்றைய சோற்றை இன்று வாந்தி எடுத்தால், புற்றுநோயோ என்றும் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள்.

6. உப்பு நீரும் மூக்குக் குழாயும்

அடைப்பில் உயிர் ஏன் போகிறது? நெடுநாள் வரை மலத்து விஷம் ரத்தத்தில் ஏறுவதுதான் காரணம் என்று நினைத்தார்கள். அதனால்தான் பேதி மருந்து. உண்மையில் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், நாம் குடிக்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 7 முதல் 9 லிட்டர் வரை குடலுக்குள் போகிறது. அதில் ஒரு டம்ளர் போகப் பாக்கியெல்லாம் குடல் வழியே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். எண்ணெய்க் கடைக் கணக்கில் சொன்னால், வரவு செலவு நேராகிவிடும். வழி அடைபட்டால் வரவு நின்றுவிடும், செலவு வாந்தியாகப் போய்க்கொண்டே இருக்கும். நீரும் உப்பும் இழந்து உடல் வற்றிப்போகும்.

1912இல் அமெரிக்காவில் ஹார்ட்வெல், ஹோகே என்ற இருவர், குடல் அடைபட்ட நாய்களுக்கு உப்பு நீர் ஏற்றினால் பல நாள் கூடுதலாக உயிர் வாழ்கின்றன என்று காட்டினார்கள். 1930களின் தொடக்கத்தில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்து ஓவன் வாங்கன்ஸ்டீன், மூக்கு வழியே குழாய் விட்டுத் தேங்கிய நீரையும் காற்றையும் உறிஞ்சி எடுக்கும் முறையைப் பரப்பினார். கையில் டிரிப்ஸ், மூக்கில் குழாய். பார்ப்பதற்குச் சாதாரணமான இந்த இரண்டும் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

அறுவை மருத்துவர்களிடையே ஒரு பழமொழி உண்டு: குடலடைப்பின் மேல் சூரியன் உதித்து அஸ்தமிக்க விடாதே என்று. பொழுது சாய்வதைக் கணக்குப் பண்ணியே சாப்பிடும் குடும்பத்தில் பிறந்தவன் நான். அண்ணனுக்கு இரண்டு அஸ்தமனங்களை விட்டுவிட்டோம்.

7. என் முறை வந்தபோது

2013இல் எனக்கு 54 வயது. அதற்குச் சில வருஷம் முன்பு பித்தப்பையை வயிறு திறந்து எடுத்திருந்தார்கள். ஒரு ராத்திரி அதே அலை வலி, பிறகு பச்சை வாந்தி. வீட்டுக்காரி இஞ்சி தட்ட எழுந்தாள். ‘வேண்டாம், வண்டியைக் கூப்பிடு’ என்றேன்.

நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் குடலுக்குள் நீர்மட்டங்கள் படிக்கட்டு மாதிரி தெரிந்தன. பழைய ஆபரேஷனின் ஒட்டுத் தழும்பு என்றார்கள். மூக்கில் குழாய், கையில் டிரிப்ஸ், வாய்வழி ஒரு சொட்டும் கிடையாது. இப்படிப்பட்ட தழும்பு அடைப்பில், ரத்த ஓட்டம் தடைபடவில்லை என்று தெரிந்தால், ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைத்து இரண்டு மூன்று நாள் காத்துப் பார்க்கலாமாம். எனக்கு மூன்றாம் நாள் காலையில் வாயு பிரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அந்தச் செய்தியை நான் யாரிடமும் சொன்னதில்லை. கத்தி படாமல் வீடு திரும்பினேன். கட்டிலோரம் தொங்கிய பையில் நிறைந்திருந்த பச்சை நீரைப் பார்த்தபோதெல்லாம் அண்ணன் ஞாபகம்தான்.

8. வீட்டுக்கு ஒரு குறிப்பு

எல்லா வாந்தியும் அடைப்பு அல்ல. பேதியோடு வரும் வாந்தி பெரும்பாலும் உணவுக் கோளாறு. நடுத்தர வயதில் மாரடைப்பும் வாந்தியாக வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் முறுக்கி முறுக்கி வரும் வலி, நிற்காத வாந்தி, வயிறு ஊதல், மலமும் வாயுவும் நிற்றல், இந்த நான்கில் இரண்டு மூன்று சேர்ந்தால் அது ஆஸ்பத்திரி விஷயம். மேல் குடலில் அடைத்தால் வாந்தி முந்தும், ஊதல் குறைவு. பெருங்குடலில் அடைத்தால் ஊதல் முந்தும், வாந்தி பிந்தும். ஆகவே நான்கும் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாடி வேகமாக ஓடினாலோ, குடலுக்கு ரத்தம் போகவில்லை என்று பொருள் கொள்ளலாம். அப்போது மணிக்கணக்கு இல்லை, நிமிஷக் கணக்கு.

டாக்டரிடம் நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டியவை: வயிற்றில் முன்பு ஆபரேஷன் நடந்ததா, தொடைச்சந்தில் குடலிறக்கம் இருக்கிறதா, காசநோய் வந்ததுண்டா, ஏனென்றால் நம் நாட்டில் அதுவும் குடலைச் சுருக்கும், எடை குறைகிறதா, மலத்தில் ரத்தம் உண்டா, ஏனென்றால் புற்றுக் கட்டியும் வழியை அடைக்கும், வாந்தியின் நிறம் என்ன, நாற்றம் என்ன, கடைசியாக வாயு பிரிந்தது எப்போது. கூச்சப்படாமல் சொல்லுங்கள். வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்தச் சொற்களை அந்த ஊர்ப் பாஷையிலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் சத்தி என்றாலும் சர்த்தி என்றாலும் டாக்டருக்குப் புரிந்துவிடும். மும்பையிலும் தில்லியிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அங்குள்ள சொல்லைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் கடையில் இன்றும் விளக்கெண்ணெய் விற்கிறேன். பேதிக்கு என்று யாராவது கேட்டால், அளப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: ‘வாந்தி இருக்குதா?’ இருக்கிறது என்றால் எண்ணெய் கொடுக்க மாட்டேன், சிற்றூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்புவேன். ஒரு சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வியாபாரத்தில் அந்த நஷ்டத்தை நான் கணக்கில் எழுதுவதில்லை.